மூன்றாவது இழுப்பு

கயிறு என் இடது மணிக்கட்டில் இருக்கிறது, மறுமுனை அவன் இடுப்பில். நடுவில் நூறு முழம். என் கையிலிருந்து தளத்தோடு ஓடி, பாய்மரத்தின் அடியில் இருக்கிற இரும்பு வளையத்துக்குள் நுழைந்து, மரத்தோடு மேலே ஏறி, உச்சியில் உட்கார்ந்திருக்கிற தனிஸ்லாஸிடம் போகிறது. முடிச்சைத் தண்டல் தொபியாஸ்தான் போட்டார். இந்தக் கப்பலுக்கே பெரியவர் அவர், போடும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை. நாற்பது பேர் இருக்கிற கப்பலில் நாற்பது பேருக்கும் ஒரே நேரத்தில் தளத்துப் பலகையில் என்னவோ பார்க்க வேண்டியிருந்தது. பார்த்தால் என்ன, கண்ணா அவிந்துவிடும். நானும் தனிஸ்லாஸும்தான் இந்தக் கப்பலுக்குச் சுக்கான் பிடிக்கிறவர்கள், ஒரு திருப்பம் அவன், ஒரு திருப்பம் நான். பதினொரு நாளைக்கு முன்னால், இரட்டைக்கல் என்கிற பாறைகளுக்கு முன்னால் கப்பலைத் திருப்பியபோது சுக்கான் அவன் கையில் இருந்தது. மேலே மரத்தில் இருந்தது என் தம்பி இன்னாசி. இன்னாசி இப்போது இல்லை. வானத்தில் ஓடுகிற கப்பலில் போலீஸும் கிடையாது கோர்ட்டும் கிடையாது, ஒரே ஒரு முறை உண்டு. திருப்பத்தில் ஒருத்தன் செத்தால், சுக்கான் பிடித்தவன் அடுத்த திருப்பத்துக்கு மரம் ஏறணும், செத்தவன் வீட்டு ஆள் சுக்கான் பிடிக்கணும். அந்த ஒரு திருப்பத்தில் என்ன நடந்தாலும் யாரும் கேட்கப்படாது. கரைக்குப் போனாலும் வாய் திறக்கப்படாது. அதனால்தான் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். பார்க்காதவனுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை அல்லவா. முன்னால் சூளை சிவந்து கிடக்கிறது. செத்துக்கொண்டிருக்கிற சூரியன் அது. உயிருள்ள சூரியன் ஊதும், செத்துக்கொண்டிருக்கிற சூரியன் உறிஞ்சும். இன்னும் கொஞ்ச நேரத்தில் நாங்கள் திரும்பணும், இல்லையென்றால் அது எங்களைக் கொப்பரைத் தேங்காய் மாதிரிக் காயவைத்து வாயில் போட்டுக்கொள்ளும். நான் கயிறு பேசுவதற்குக் காத்திருக்கிறேன். மூன்று தடவை பேசணும். ஒரு தடவை சுண்டினால் மேல்கட்டு அவிழ்த்தாயிற்று. இரண்டாவது சுண்டினால் பருமல் விடுபட்டது, பாயைத் தாங்குகிற அந்த நீளக் கழி, எந்தப் பக்கமும் வீசலாம் என்று அர்த்தம். மூன்றாவது சுண்டினால், நான் இறங்கிவிட்டேன், மரத்தடிப் பொந்துக்குள் ஒடுங்கியிருக்கிறேன், இனி திருப்பு என்று மேலே ஏறினவன் சொல்கிறான். மூன்றாவது வராமல் சுக்கான் அசையக் கூடாது.

அசைந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், தளத்தைக் கழுவினது நான்தான். கப்பல் எப்படித் திரும்புகிறது என்று கரையில் இருக்கிறவர்கள் கேட்பார்கள், அக்கா, மேலே தண்ணீரே இல்லையே, சுக்கான் எதைப் பிடிக்கும் என்று. நான் சொல்வேன், காற்று மட்டும் இருந்தால் கப்பல் ஒரு சருகு, தள்ளுகிற பக்கம்தான் போகும். காற்று ஒரு பக்கம் தள்ளணும், கீழே இன்னொன்று மாட்டேன் என்று பிடித்துக்கொள்ளணும், அந்த இரண்டும் சண்டை போடுகிற நடுவில்தான் வழி. சூரியன் ஊதுகிற காற்று பாயில் அடிக்கிறது. கீழே, நட்சத்திரத்துக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவில் கிடக்கிற கறுப்பு இருக்கிறதே, அது வெறும் இருட்டு இல்லை, கெட்டியானது, நாங்கள் அதை மை என்போம். இருபது முழ இலுப்பைப் பலகை அந்த மைக்குள் இறங்கியிருக்கிறது. நான் பிடியை வலக்கைப் பக்கம் தள்ளினால் மை பலகையின் முகத்தில் அறையும், பின்தலை ஒதுங்கும், மூக்கு திரும்பும். திரும்பும்போது காற்று பாயின் முதுகுப் பக்கம் வரும், அந்த ஒரு நொடி பாய் செத்துத் தொங்கும், அடுத்த நொடி பருமல் இடமிருந்து வலமாக வீசும். நூறு முழத் தேக்கு. பொந்துக்குள் ஒடுங்கியிருந்தால் தலைக்கு மேலே புயல் போன மாதிரி இருக்கும், அவ்வளவுதான். மரத்தில் இருந்தால். இன்னாசி மரத்தில் இருந்தான். அம்மியில் வைத்த இஞ்சியை ஒரே தட்டாகத் தட்டினால் எப்படி, நார் ஒரு பக்கம் சாறு ஒரு பக்கம், சீ, என்ன நினைப்பு இது, என் தம்பியை நான் எதோடு ஒப்பிடுகிறேன். ஆனால் அப்படித்தான் இருந்தது. ஒரு காலைத்தான் துணியில் சுற்றி மையில் விட்டோம். மீதி பருமலிலேயே ஒட்டியிருந்தது, தேய்த்துத் தேய்த்து என் உள்ளங்கைத் தோல் போயிற்று, இன்னும் அந்த மரத்தில் ஒரு கறை இருக்கிறது. அந்தக் கறைக்குப் பக்கத்தில்தான் இப்போது அவன் உட்கார்ந்திருக்கிறான். பாய் மறைக்கிறது, ஆள் தெரியவில்லை. கத்தினாலும் கேட்காது, கப்பலைச் சுற்றிப் போர்வை மாதிரி ஒட்டிவருகிற மூச்சு பாதி மரம் வரைக்கும்தான், அதற்கு மேலே ஆட்டுத்தோல் பையிலிருந்து மூச்சை உறிஞ்சிக்கொண்டுதான் வேலை செய்யணும். கயிறு ஒன்றுதான் பேச்சு.

இதோ. ஒன்று. மணிக்கட்டு எலும்பில் சுருக்கென்று. தொபியாஸ் தளத்தைப் பார்த்தபடியே காதைத் திருப்புகிறார், நான் சொல்லணும், சொல்கிறேன், "ஒண்ணு." என் குரல் எனக்கே நல்லாயிருக்கிறது, மீன் கழுவிக்கொண்டே பேசுகிற குரல். மேல்கட்டு அவிழ்ந்துவிட்டது. பாயின் ஓரம் படபடக்கிறது. வெயில் கன்னத்தில் கை வைக்கிற மாதிரி இருந்தது, இப்போது அறைகிற மாதிரி இருக்கிறது. காலையில் மரம் ஏறுகிறதுக்கு முன்னால் தனிஸ்லாஸ் என் முன்னால் வந்து நின்றான், இடுப்புக் கயிற்றைத் தூக்கிக் காட்டினான். முன்பல் இரண்டும் இல்லாத வாய். "எக்கா, முடிச்சு சரியா இருக்கான்னு ஒரு பார்வை பாத்திருங்க." நான், "உன் உசிரு, நீயே பாத்துக்க" என்றேன். "என் உசிரு எங்கிட்டயா இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. அந்தப் பல்லை எடுத்தது இன்னாசிதான். சாகிற அன்று காலையில். மரம் ஏறும்போதெல்லாம் இன்னாசிக்கு வாந்தி வரும், அத்தனை வருசமாக ஏறியும் வரும், அதற்கு இவன், "ஏல, எக்கா முந்தானையப் பிடிச்சிக்கிட்டே ஏறேன், ஒக்களிக்காது" என்று சொல்ல, எல்லோரும் சிரிக்க, இன்னாசி ஒரே குத்து. இரத்தம் கஞ்சிச் சட்டியில் விழுந்தது. சமையல்கார சலேத்து பல்லைக் கரண்டியால் எடுத்து, "இதை யாருக்குல வைக்க" என்று கேட்டான், அதற்கும் சிரிப்பு. தனிஸ்லாஸ் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தான். துடைத்துக்கொண்டு சுக்கானுக்குப் போனான். மத்தியானம் இன்னாசி செத்தான். "மூணு வந்துச்சு எக்கா, சத்தியமா மூணு வந்துச்சு" என்று தளத்தில் உருண்டான் இவன். மூன்று வந்ததா. பொந்துக்குள் இருக்கிறவன்தான் மூன்றாவதைச் சுண்டுவான், பொந்துக்குள் இருந்தவன் எப்படியடா பருமலில் ஒட்டுவான். ஆனால் காற்று விட்டு அடித்தால் திருப்பத்துக்கு முன்னாலேயே பாய் ஒரு நொடி சாகும், அப்போது கயிறு தானாக ஒரு உதறு உதறும், அதை மூன்று என்று நினைத்திருக்கலாம், நான் கூட ஒரு தடவை நினைத்திருக்கிறேன், கையை இறுக்கி நின்றுவிட்டேன். நினைத்தானா. இல்லை நினைத்த மாதிரி நினைத்துக்கொண்டானா. பதினொரு நாளாக இதே இடத்தில் வந்து என் மனசு மாட்டிக்கொள்கிறது, கிழிந்த வலையில் நண்டுக்கால் மாதிரி, எந்தப் பக்கம் இழுத்தாலும் இன்னொரு கால் மாட்டுகிறது. பல்லுக்காகவா, கயிறு ஏமாற்றியதா. எனக்குப் பதில் தெரியாமலே நான் அவனைக் கொல்லப்போகிறேன். காலையில் கஞ்சி கொண்டுவந்த சலேத்து சொன்னானே, "குடிச்சிட்டுப் போங்க எக்கா. வெறும் வயித்தோட ஆளைக் கொன்னா மயக்கம் வரும்." அவன் ஒருத்தன்தான் என் முகத்தைப் பார்த்துப் பேசினான். நான் குடித்தேன், உப்புக் கூடியிருந்தது, இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

இரண்டு. "ரெண்டு" என்கிறேன். பருமல் விடுபட்டது. கப்பல் முழுக்க ஒரு நடுக்கம், கட்டை அவிழ்த்துவிட்ட எருமை ஒரு அடி முன்னால் வைத்துப் பார்க்குமே, அப்படி. இப்போது என் வலக்கை இந்தப் பிடியை ஒரு சாண் தள்ளினால் போதும். ஒரே சாண். மை பலகையில் கனத்துக்கொண்டே வருகிறது, சூளை மையையும் சேர்த்து இழுக்கிறது, பிடி என் விலாவில் முட்டுகிறது, என்னைத் தள்ளு தள்ளு என்கிற மாதிரி. தள்ளவேண்டாம் கூட, விட்டாலே போதும், அதுவே போகும். என்ன வசதி. கை வழுக்கிவிட்டது என்று சொல்லலாம், அதையும் யாரும் கேட்கப்போவதில்லை. அவன் எப்படி ஆவான் என்று நான் பதினொரு நாளாகப் பார்த்துவிட்டேன், கண்ணை மூடினால் போதும், பருமல் அவன் இடுப்பில் அடிக்கிறது, இடுப்புக்கு மேலே ஒரு பக்கம் போகிறது, வாய் திறந்திருக்கிறது, பல் இல்லாத அந்த ஓட்டை. ஒவ்வொரு தடவையும் எனக்குள் ஒரு குளிர்ச்சி. பிறகு ஒவ்வொரு தடவையும் அந்த முகம் மாறி இன்னாசி முகமாகிவிடுகிறது, அப்போது நான் கண்ணைத் திறந்துவிடுவேன். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் இருபது மூச்சு ஆகும், இறங்கி வருகிற நேரம். மேலே கனம் கம்மி, கப்பலின் வயிற்றில் ஏற்றியிருக்கிற அடிக்கல்தான் எல்லாவற்றையும் இழுத்து வைத்திருக்கிறது, உச்சியில் பஞ்சு மாதிரி இருக்கிறவன் இறங்க இறங்கத்தான் ஆளாகக் கனப்பான். பத்து. பதினொன்று. கப்பலின் முன்னால், அணியத்துப் பக்கம் தார் கொதிக்கிற வாசனை, முன்பலகையின் இடுக்கில் போட்ட தார் இளகிச் சொட்டுகிறது. பதினாறு. என் புருவம் கருகுகிறது, பன்றி வாட்டுகிற நாற்றம், என் நாற்றம்தான். இருபது. இருபத்தைந்து. முப்பது. வரவில்லை.

"மூணு வந்துச்சா?" தொபியாஸ். "வரலை." "கித்தேரி, நேரமில்ல." "வரலைங்கேன்." முப்பத்தைந்து. மாட்டிக்கொண்டானா. மாட்டிக்கொண்டவன் கயிறு துள்ளும், தூண்டிலில் மீன் மாதிரி. மயங்கினவன் கயிறு தொய்யும். இது துள்ளவும் இல்லை தொய்யவும் இல்லை. நான் விரலால் தொட்டுப் பார்க்கிறேன், விறைப்பாக நிற்கிறது, அதற்குள் லேசாக ஒரு ரீங்காரம், ஒரு கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தால் கயிற்றில் அந்தக் கையின் நாடி வரும். இந்தக் கயிற்றோடு நான் பிழைத்த பிழைப்பு, எனக்குத் தெரியாதா. அவன் இறங்கவில்லை. இறங்கப்போவதில்லை. இரண்டோடு நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறான், அந்தக் கறைக்குப் பக்கத்தில், எக்கா திருப்புங்க என்று. அடப் பாவி. அடப் பாவி மட்டை. எனக்குத் தருகிறாயா. நான் எடுக்கவேண்டியதை நீ தட்டில் வைத்துத் தருகிறாயா, செத்து நல்லவனாகிவிட்டுப் போகலாம் என்றா, நான் மிச்ச காலத்துக்கும் உன் உயிரைச் சுமந்துகொண்டு, மூன்று வந்ததா வரவில்லையா என்று தெரியாமலே, நீ மட்டும் மையில் கரைந்து நிம்மதியாக. கொன்றால் எதற்குக் கொன்றேன் என்று எனக்குத் தெரியணும். தெரியாமல் கொன்றால் நானும் நீதான். "திருப்பு!" தொபியாஸ் கத்துகிறார், அந்தக் குரலில் தண்டல் இல்லை, பயந்த கிழவன் இருக்கிறான். அணியத்தில் தீ பிடித்துவிட்டது, பலகை வெடிக்கிற சத்தம், யாரோ அலறுகிறார்கள். தலையைக் குனிந்திருந்த அத்தனை பேரும் இப்போது என்னைப் பார்க்கிறார்கள். இப்போது மட்டும் கண் இருக்கிறது. "திருப்புங்க எக்கா, அவனைக் கொல்லத்தான வந்தீய!" என்று ஒருத்தன். ஓடி வருகிறார்கள். முதல் ஆள் என் தலைமுடியைப் பிடித்துத் தலையைப் பிடிக்கட்டையில் மோதுகிறான், நெற்றி பிளந்து கண்ணுக்குள் சூடாக இறங்குகிறது, நான் முழங்காலால் அவன் கவட்டில் கொடுக்கிறேன், மடிகிறான். சலேத்து என் விரலைப் பிடியிலிருந்து பிரிக்கிறான், ஒவ்வொன்றாக, அழுதுகொண்டே, "விட்ருங்க எக்கா, எனக்கு மூணு பிள்ளைங்க எக்கா", நான் அவன் கையைக் கடிக்கிறேன், பல் எலும்பில் நற என்று பதிகிறது, எனக்குக் கஞ்சி ஊற்றின கை, வாயெல்லாம் உப்பு. அவன் விட்டான். எனக்கும் தெரிகிறதடா உன் மூன்று பிள்ளைகள். நாற்பது பேர், ஒருத்தன். நாற்பது பேர், ஒருத்தன். இரட்டைக்கல்லில் இவனும் இப்படித்தான் எண்ணிக்கொண்டு நின்றிருப்பானா. கல் முன்னால், கயிறு கையில், மூன்றாவது வராமல். நான் அப்போது அடித்தளத்தில் தூங்கிக்கொண்டிருந்தேன். எனக்கு என்ன தெரியும்.

இழுத்தேன். சுக்கான் பிடிக்கிறவள் கயிற்றை இழுக்கிற வழக்கமே கிடையாது, கயிறு மேலிருந்துதான் பேசும், கீழே இருக்கிறவள் கேட்டுக்கொள்ளணும். நான் பிடியை விலாவில் இடுக்கிக்கொண்டு, கயிற்றை முழங்கையில் ஒரு சுற்று, முதுகில் ஒரு சுற்று, இழுத்தேன். மணிக்கட்டில் தோல் கையுறை கழற்றுகிற மாதிரிக் கழன்றது. மேலே அவன் மரத்தைக் கட்டிக்கொண்டான், எனக்குத் தெரிந்தது, கட்டிக்கொள்ளடா, கட்டிக்கொள். சாக உட்கார்ந்தவனுக்கும் கை மரத்தைத்தான் தேடும். இன்னொரு இழுப்பு, என் தோளில் ஏதோ டக் என்றது, இடக்கை என்னுடையது இல்லை என்கிற மாதிரித் தொங்கிற்று, ஆனால் கயிறு தளர்ந்தது. பாயின் வயிற்றில் ஒரு மேடு, மேலிருந்து கீழே வழுக்கிக்கொண்டு வருகிறது, முதலில் இறகு மாதிரி மெதுவாக, பிறகு ஆள் மாதிரி, பிறகு மூட்டை மாதிரி. விழுந்தான். தளத்தில் கால் மடிந்த சத்தம் தீயின் சத்தத்துக்கும் மேலே கேட்டது, காய்ந்த பனைமட்டையை முறித்த மாதிரி. மை இதற்குள் இறுகிவிட்டது, பிடி இனித் தானாகப் போகாது. "தள்ளுங்கல!" என்று கத்தினேன், கத்தினது நானா, சலேத்தும் கவட்டைப் பிடித்துக்கொண்டிருந்தவனும் தொபியாஸும் என்னோடு சேர்ந்து பிடியில் விழுந்தார்கள், கொஞ்சம் முன்னால்தான் அடித்துக்கொண்டோம், இப்போது தோளோடு தோள், ஒருத்தன் இரத்தம் இன்னொருத்தன் சட்டையில். மை அறைந்தது. பலகை முனகிற்று. மூக்கு சூளையின் வாயிலிருந்து பிய்ந்து வருகிறது, வா வா, பாய் செத்தது, கயிறு என் செத்த கையில் ஒரு உதறு உதறிற்று, அப்புறம் பருமல். எல்லோரும் குப்புற விழுந்தோம். முடியைத் தொட்டுக்கொண்டு போயிற்று. அது போகிற வழியில் யாரும் இல்லை. பாய் படார் என்று நிறைந்தது, வெயில் என் முதுகுக்குப் போயிற்று. அணியத்துத் தீயை ஈரச் சாக்குப் போட்டு அமுக்கினார்கள்.

தனிஸ்லாஸ் திருப்பத்தின் சரிவில் உருண்டு என் காலடியில் வந்து கிடந்தான், முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியில் வந்து பார்த்துக்கொண்டிருந்தது. "ஏன் எக்கா" என்றான். "முடிச்சிருவியன்னுதான இருந்தேன்." பிடியை விடமுடியாது, பாய் நிலைக்கிற வரைக்கும் பிடிக்கணும். நெற்றி இரத்தம் மூக்கு நுனியிலிருந்து அவன் நெஞ்சில் சொட்டுகிறது, சொட்டட்டும். "எக்கா, ரெண்டுதான் வந்துச்சு" என்றான். "மூணு வரலை. கயிறு உதறவும் இல்லை. ரெண்டுதான்." எனக்கு எல்லாச் சத்தமும் நின்றுவிட்டது, மரத்தின் உச்சிக்குப் போய்விட்ட மாதிரி. "கல்லுக்குப் பயந்தா?" என்று கேட்டேன். "கல்லு தெரிஞ்சுது எக்கா." "பல்லுக்காகவா?" அவன் வானத்தைப் பார்த்தான். "அவன் இன்னும் மேல இருக்கான்னும் தெரிஞ்சுது. காலையில அவன் குத்துனதும் ஞாபகம் இருந்துச்சு. எல்லாம் ஒண்ணா இருந்துச்சு எக்கா. கை போயிட்டுது. எதுக்குப் போச்சுன்னு பதினொரு நாளா நானும் அதைத்தான் கேட்டுக்கிட்டுக் கிடக்கேன்." ஒரு காலால் மிதித்தால் போதும், கைப்பிடிச் சுவர் இல்லாத இடம் பக்கத்தில்தான் இருக்கிறது, உருட்டினால் மையில் போய்விடுவான். என் கால் தூக்கியே விட்டது. தொபியாஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார், தண்டல் குரல் திரும்ப வந்திருந்தது. "திருப்பம் முடிஞ்சுது. முறைப்படி இனி யாரும் இதைப் பேசப்படாது. அவனும் சொல்லலை, நாமளும் கேக்கலை." எல்லோரும் மறுபடியும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவ்வளவு சுலபமாக. எத்தனை கப்பலில் எத்தனை பேர் இப்படிக் குனிந்திருப்பார்கள், எத்தனை வீட்டில் எப்படிச் செத்தான் என்று தெரியாமலே ஒருத்தி தாலியைக் கழற்றியிருப்பாள். இன்னாசி பெண்டாட்டி சிசிலிக்கு இன்னும் சேதியே தெரியாது. போனதும் அவள் கேட்பாள், மதினி, எப்படிப் போனாவ என்று கேட்பாள். "நான் பேசுவேன்" என்றேன். தொபியாஸ், "கித்தேரி, முறை" என்றார். "முறை மையில போட்டும்" என்றேன். தூக்கின காலைத் தளத்தில் வைத்தேன். சலேத்து கடிபட்ட கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஏல சலேத்து, ரெண்டு பலகை எடுத்துட்டு வா. இவன் காலை நீட்டிக் கட்டுங்க. கத்துனா கத்தட்டும், நல்லா இறுக்கிக் கட்டுங்க." தனிஸ்லாஸ் என் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, "வேண்டாம் எக்கா, தள்ளிவிட்ருங்க" என்று அழுதான். நான் பாதத்தை உருவிக்கொண்டேன். கரைக்கு இன்னும் இருபத்திரண்டு நாள், அதற்குள் எலும்பு கூடணும், கூடாவிட்டால் கம்பு ஊன்றட்டும். துறையிலிருந்து சிசிலி வீட்டுக்கு மணலில் அரை மைல். யாரும் தூக்கிக்கொண்டு போகமாட்டார்கள். அந்த வாசலுக்கு அவன் நடந்து போய்ச் சொல்லணும்.